ஆயிரத்துக்கு மேல் பதில்கள், இருபதுக்கும் குறைவான ஆட்கள்: காது கேட்கும் கருவி ஆய்வு ஒன்றின் தரவலசல்

பின்னணி

வட ஜெர்மனியில் செவித்திறன் ஆய்வில் ஈடுபட்டிருக்கும் ஒரு சிறு குழு, காது கேட்கும் கருவியின் இரண்டு அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் அமைப்பில் கருவி நாலாபுறச் சத்தத்தையும் ஏறக்குறைய அப்படியே உள்வாங்கும். இரைச்சல் குறைப்பு லேசாகத்தான் வேலை செய்யும். இரண்டாவதில் எதிரில் இருப்பவரின் பேச்சுக்கு முன்னுரிமை. பக்கவாட்டிலும் பின்னாலும் எழும் சத்தத்தைக் கருவி அழுத்திவிடும். இனி இவற்றை அ, ஆ என்றே குறிப்பிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில், ஒலிபெருக்கிகள் சூழ்ந்த அறையில், ஆ நன்றாகத் தேறியிருந்தது. அன்றாட வாழ்க்கையிலும் தேறுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி வெறும் கல்விசார்ந்தது அல்ல. திசை அறியும் ஒலிவாங்கியும் இரைச்சல் குறைப்பும்தான் கருவியின் விலையை ஏற்றும் அம்சங்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2019இல் வெளியிட்ட ஆய்வு, லேசானது முதல் நடுத்தர அளவு வரை செவித்திறன் குறைந்த முதியோர் உயர்விலை அம்சங்களின் கூடுதல் பயனைத் தம் அன்றாட வாழ்வில் உணர்வது அரிது என்று முடித்தது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளை நம்பி எடுக்கப்படும் முடிவு. அதனால்தான் இதன் புள்ளியியலை யாரும் மேம்போக்காகக் கையாளக் கூடாது என்று நினைக்கிறேன்.

பழைய வழக்கத்தில், சில வாரங்கள் கருவியைப் போட்டுப் பார்த்தவரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து நினைவிலிருந்து நிரப்பச் சொல்வார்கள். 1995இல் வந்த 24 கேள்விகள் கொண்ட ‘ஆஃபாப்’ (APHAB) வினாத்தாள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் நினைவு எல்லாவற்றையும் சமமாக வைத்துக்கொள்வதில்லை. கடைசியாக நடந்ததும் மனதைச் சுட்டதும்தான் மேலே வந்து நிற்கும். அதற்கு மாற்றாகத்தான், கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கைபேசி வழியாகக் கேட்டுப் பதிவு செய்யும் முறை வந்தது. 1994இல் ஸ்டோனும் ஷிஃப்மனும் உளவியலில் பெயரிட்ட இந்த முறையைத் துறையில் ஈஎம்ஏ (EMA, ecological momentary assessment) என்பார்கள்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் இருபதுக்கும் குறைவு. எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள், கருவிக்குப் பழகியவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு வாரம் ஓர் அமைப்பு, அடுத்த இரண்டு வாரம் மற்றது. பாதிப் பேர் அ-வில் தொடங்கினார்கள், மீதிப் பேர் ஆ-வில். பகலில் அவ்வப்போது கைபேசி அதிரும். எங்கே இருக்கிறீர்கள், என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள், கேட்க எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று சில கேள்விகள். சிரமத்துக்கு ஏழு படிகள். அதிராத நேரத்திலும், தோன்றினால் தாமாகவே பதிவு போடலாம்.

கூடவே, ஒலியின் அளவைக் கணித்து வைக்கும் சிறு கருவியையும் அணிந்திருந்தார்கள். அது பேச்சைப் பதிவு செய்யாது. பொதுவில் பேசாத பேச்சை அனுமதியின்றிப் பதிவது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் ஓல்டன்பர்க் நகரில் உருவான ‘ஓல்மேகா’ போன்ற அமைப்புகள் சத்தத்தின் அளவு, அலைவரிசைப் பரவல் போன்ற சுருக்க எண்களை மட்டும் சேமிக்கின்றன. அவற்றிலிருந்து சொற்களை மீட்க முடியாது. இந்த ஆய்விலும் அதே வழிதான்.

பங்கேற்றவர்கள் பற்றிய சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதல் அலசல்

முனைவர் பட்ட மாணவி ஒருவர் முதல் அலசலைச் செய்திருந்தார். பதில்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. எல்லாவற்றையும் இரண்டு குவியலாகப் பிரித்து, சிரமத்தின் சராசரிகளை, ஒவ்வொரு பதிலையும் தனிச் சான்றாக எண்ணும் டி-சோதனையில் ஒப்பிட்டார். ஆ-வில் சிரமம் குறைவு. பி-மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு, மிகச் சிறியது. கருவியை உருவாக்கிய கூட்டாளி நிறுவனத்துக்கு மகிழ்ச்சி. கட்டுரையின் முதல் வரைவும் தயார். அந்தக் கட்டத்தில்தான், அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி, வெளியிலிருந்து புள்ளியியல் ஆலோசகராக என்னை அழைத்தார்கள். அழைத்தவர் குழுவின் தலைமை ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர். வித்தியாசம் இவ்வளவு சுத்தமாக வந்ததே அவருக்கு உறுத்தியிருக்கிறது. முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவரின் உறுத்தலை நான் எந்தச் சோதனையின் முடிவுக்கும் குறைவாக எடைபோட மாட்டேன்.

தரவை ஆள்வாரியாக விரித்தபோது

முதலில் எந்தப் புள்ளியியல் மாதிரியையும் (மாடல்) பொருத்தவில்லை. ஆளுக்கு ஒரு பட்டை, குறுக்கே நாட்கள், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி என்று வரைந்து சுவரில் ஒட்டினோம்.

பார்த்தவுடன் தெரிந்தது, பதில்கள் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது. மூன்று நான்கு பேர் ஓயாமல் பதில் போட்டிருந்தார்கள். சிலர் இரண்டாம் வாரத்துக்குள் சோர்ந்துவிட்டார்கள். அதிகம் பதில் போட்டவர்களில் இருவருக்கு ஆ மிகவும் பிடித்திருந்தது. டி-சோதனையில் கிடைத்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த இருவருடையது.

அடுத்து, பெரும்பாலான பதில்கள் ஏழு படிகளில் ‘சிரமமே இல்லை’ என்ற முனையில் குவிந்திருந்தன. வீட்டில் தனியாகச் செய்தித்தாள் படிப்பவருக்கும், சமையலறையில் ஒருவரோடு மட்டும் பேசுபவருக்கும் எந்த அமைப்பானால் என்ன? அந்த நிமிடங்களில் வித்தியாசம் தெரிய இடமே இல்லை.

மூன்றாவது, காலம். ஆய்வு நவம்பரில் தொடங்கியதால் இரண்டாம் பாதி பலருக்கு டிசம்பரில் விழுந்தது. ஜெர்மனியில் அது கிறிஸ்துமஸ் சந்தைகளின் காலம். கடைத்தெரு முழுக்கக் கூட்டம், பாட்டு, குவளைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி உரக்கப் பேசுதல். நவம்பர் மாலைகளோ வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அ முதலா ஆ முதலா என்பதைச் சமமாகப் பிரித்திருந்ததால் இது தன்னால் ஈடாகியிருக்க வேண்டும். ஆனால் அ-வில் தொடங்கிய சிலர் பாதியில் விலகியதால் சமநிலை குலைந்து, எஞ்சிய டிசம்பர் பதில்களில் அ-வின் பங்கு கூடிவிட்டது. சத்தமான மாதத்தின் சுமையில் ஒரு பகுதி அ-வின் தலையில் விழுந்திருந்தது.

நான்காவதுதான் என்னை நீண்ட நேரம் அந்தச் சுவரின் முன் நிற்க வைத்தது. ஓர் அம்மையாரின் பட்டையில் ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் வெற்றிடம். கைபேசி அதிர்ந்திருக்கிறது, பதில் இல்லை. அதே நேரத்தில் அந்தச் சிறு கருவி சேமித்த ஒலி எண்களைப் பார்த்தால் சத்தம் உச்சத்தில் இருக்கிறது, ஏறி இறங்கி, இடைவெளி விட்டு, மறுபடி ஏறி. நிறைவு நேர்காணலின் குறிப்பில் விடை இருந்தது: அவர் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறார், பயிற்சி நேரத்தில் கைபேசி மேலங்கிப் பையில், மேலங்கி வாசல் கொக்கியில். “எனக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டிய இடமே அதுதான்” என்றும் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எண்பதுக்கும் மேல் பதில்கள் வந்திருந்தன. அந்த இடத்திலிருந்து ஒன்றுகூட இல்லை.

மற்றவர்களின் பட்டைகளிலும் இதே சாயல் இருந்தது. பதில் வந்த அதிர்வுகளைவிட, வராதவற்றின்போது சுற்றுப்புறச் சத்தம் கூடுதல். பேச்சுவார்த்தையின் நடுவில் கைபேசியை எடுப்பது மரியாதையில்லை. கார் ஓட்டும்போது எடுக்கவே கூடாது. இத்துறையில் பிறரும் பதிவு செய்திருக்கும் சிக்கல்தான் இது. கேட்பது கடினமாக இருக்கும் நேரங்களே தரவிலிருந்து நழுவுகின்றன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாணவி ஒருமுறை முடிவைப் பார்த்துவிட்டதால், இனி எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் மனம் ஒரு பக்கம் சாயும். அதனால் அலசலில் சேராத ஒருவரிடம் சொல்லி, எது அ, எது ஆ என்ற குறியீட்டை மறைக்கச் செய்தோம். திட்டத்தை எழுதி, தேதியிட்டு, குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே குறியீடு திறக்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒரே ஆளின் பதில்கள் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை என்பதை மாணவி உடனே ஒப்புக்கொண்டார். அடுத்த நாளே ஆளுக்கு ஒரு தனி அடிமட்டம் (அவரவரின் வழக்கமான சிரம அளவு) கொடுக்கும் கலப்பு மாதிரியைப் பொருத்திக் காட்டினார். அதில் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதன் அளவு) முன்னைவிடவும் குறைந்திருந்தது! பலர் சறுக்கும் இடம் இது. ஒருவருக்கு எல்லாமே சிரமம், இன்னொருவருக்கு எதுவுமே சிரமமில்லை என்ற வேறுபாட்டை அடிமட்டம் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் அமைப்பை மாற்றுவதால் கிடைக்கும் பலன் எல்லோருக்கும் ஒரே அளவு என்று அந்த மாதிரி அடித்துச் சொல்கிறது. அப்படிச் சொல்ல நம்மிடம் ஆதாரம் ஏதும் இல்லை. பலனும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று இடம் கொடுத்தால்தான், இந்தச் சிலரிடம் கண்டதை மற்றவர்களுக்கும் பொருத்திப் பேச முடியும்.

அந்த இடத்தைக் கொடுத்தபோது கணிப்பு நிலைபெறாமல் தடுமாறியது. எளிய மாதிரிக்கே திரும்பிவிடலாமே என்றார் மாணவி. வழக்கத்தில் பலர் செய்வதும் அதுதான். நான் மறுத்து, ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆய்வில் கிடைத்தவை அல்ல.

16 பேர், ஆளுக்கு 80 பதில், பாதி அ, பாதி ஆ. ஒரே ஆளுக்குள் பதிலுக்குப் பதில் உள்ள திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறல்) 1.2 படி. ஆளுக்கு ஆள் பலன் மாறும் திட்டவிலக்கம் 0.6 படி. சராசரிப் பலன் 0.25 படி என்று கிடைத்ததாகக் கொள்வோம். பலன் எல்லோருக்கும் ஒன்றே என்று வைத்தால் திட்டப்பிழை ஏறக்குறைய 0.067, பலன் அதைப்போல 3.7 மடங்கு, ‘தற்செயல் அல்ல’ என்று காட்டும் நட்சத்திரக் குறியைக் கட்டுரையில் போடலாம். பலன் மாறும் என்பதைச் சேர்த்தால் திட்டப்பிழை 0.164, 1.5 மடங்குதான், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சரி, ஒவ்வொருவரிடமும் இரட்டிப்பாக, 160 பதில் வாங்கினால்? 0.157. கிட்டத்தட்ட அதே இடம். மாறாக 80 பதிலோடு ஆட்களை 32 ஆக்கினால் 0.116. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த ஆளைப் பற்றித்தான் மேலும் சொல்கிறது. அடுத்தவருக்கு என்ன ஆகும் என்பதை அடுத்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

தாளைப் பார்த்த ஆடியாலஜிஸ்ட், தன் மருத்துவமனையில் தினமும் காண்பது இதுவே என்றார். ஒரே அளவு செவித்திறன் இழப்பு, ஒரே கருவி. ஒருவர் கொண்டாடுவார், மற்றவர் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்ற உறுப்பை மாதிரியிலிருந்து நீக்குவதில்லை என்று அத்தோடு முடிவாயிற்று. கணிப்பின் தடுமாற்றத்துக்கு, அளவுக்கு மீறிய மதிப்புகளை லேசாகத் தடுக்கும் முன்பரவல்களோடு (தரவைப் பார்க்குமுன் வைக்கும் அனுமானங்கள்) பேய்சிய முறையில், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் பொருத்தினோம். ஏழு படிகளின் இடைவெளிகள் சமம் என்று கொள்ளாமல், வரிசை மட்டுமே பொருளுடையது என்று எடுத்துக்கொள்ளும் மாதிரியைத் தேர்ந்தோம். ஒரே விருந்தில் அடுத்தடுத்து வந்த மூன்று பதில்களை மூன்று தனிச் சான்றுகளாக எண்ணாதிருக்க, ஆளுக்குள் நாள் என்று இன்னோர் அடுக்கும், நவம்பரா டிசம்பரா என்ற உறுப்பும் சேர்ந்தன. தாமாகப் போட்ட பதிவுகளை முதன்மை அலசலிலிருந்து விலக்கினோம். மிக நன்றாகவோ மிக மோசமாகவோ இருக்கும்போதுதான் மனிதர் தாமாகக் கைபேசியை எடுக்கிறார்.

பெரிய விவாதம் சூழலைப் பற்றி எழுந்தது. எங்கே இருந்தார், எவ்வளவு சத்தம் என்பதை மாதிரியில் சேர்த்து ஈடுகட்ட வேண்டுமா? மாணவி வேண்டும் என்றார். சத்தமான இடத்தையும் அமைதியான இடத்தையும் எப்படிச் சேர்த்து ஒப்பிடுவது என்பது அவர் நியாயம். ஆனால் ஒருவரின் பட்டை எங்களை நிறுத்தியது. அவர் வாரம் ஒருமுறை நண்பர்கள் கூடும் மதுக்கடை மேசைக்குப் போவதை வருடக்கணக்கில் நிறுத்தியிருந்தவர். ஆ அமைப்பு மாட்டிய இரண்டு வாரத்திலும் போயிருக்கிறார். அங்கிருந்து அவர் அனுப்பிய பதில்கள் ஐந்தும் ஆறுமாக, சிரமத்தின் பக்கம். அ வாரங்களில் வீட்டிலேயே இருந்ததால் ஒன்றும் இரண்டும். சராசரி எடுத்தால் அவருக்கு ஆ கெடுதல் என்று வருகிறது. அவரிடம் கேட்டால் ஆ-வைத் திருப்பித் தர மனமில்லை என்கிறார்.

அப்படியானால் சூழல் என்பது வெறும் இடையூறு அல்ல. கருவி நன்றாக இருந்தால் மனிதர் கடினமான இடங்களுக்குத் துணிந்து போகிறார்; கருவியின் விளைவே சூழல் வழியாகவும் பாய்கிறது. சூழலைச் சேர்த்து ஈடுகட்டினால் கிடைப்பது, ஒரே மாதிரி இடத்தில் இருந்தால் எது எளிது என்ற கேள்விக்கு விடை. சேர்க்காவிட்டால் கிடைப்பது, இந்த அமைப்போடு வாழும் வாழ்க்கையில் மொத்தச் சிரமம் எவ்வளவு என்பதற்கு விடை. இரண்டும் வேறு கேள்விகள். இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் தருவது என்றும், வெளியில் கழித்த நேரத்தைத் தனி விளைவாக அலசுவது என்றும் எழுதினோம். சத்தத்தின் அளவையும் இரண்டாகப் பிரித்தோம்: ஒருவரின் வழக்கமான சத்த அளவு, அந்த நேரத்தில் அது வழக்கத்திலிருந்து விலகிய அளவு. சத்தமான வாழ்க்கை வாழ்பவரும், என்றைக்கோ ஒருநாள் சத்தத்தில் மாட்டிக்கொண்டவரும் ஒரே கணக்கில் வரக் கூடாது.

விடுபட்ட பதில்களுக்கு, ஒலி எண்களையும் நேரத்தையும் வைத்து ஒவ்வோர் அதிர்வுக்கும் பதில் வரும் வாய்ப்பை மதிப்பிட்டு, வர வாய்ப்புக் குறைவாக இருந்தும் வந்த பதில்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தோம். பாடகர் குழு அம்மையாருக்கு இது உதவாது. ஒருமுறைகூடப் பதில் வராத இடத்துக்கு எடை கூட்டி ஆவது ஒன்றுமில்லை. அதனால், விடுபட்ட நேரங்களில் ஆ இவ்வளவு மோசமாக அல்லது இவ்வளவு நன்றாக இருந்திருந்தால் முடிவு எங்கே புரளும் என்றும் கணக்கிட்டோம்.

விளைவு

குறியீடு திறக்கப்பட்டபோது, ஆ-வில் சிரமம் குறைவு என்ற திசை மாறவில்லை. ஆனால் மொத்த விளைவு முதல் வரைவில் இருந்ததைவிட வெகுவாகச் சுருங்கியிருந்தது; உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பான அதன் இடைவெளி பூஜ்ஜியத்தையும் உள்ளடக்கியது. சூழலைச் சேர்த்த மதிப்பீடு ஆ-வுக்குச் சற்றுக் கூடுதல் சாதகம். சத்தத்தின் நடுவே பேச்சு கேட்ட நேரங்களை மட்டும் எடுத்தால் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அத்தகைய பதில்கள் மிகச் சில, இடைவெளி அகலம். விடுபட்ட நேரங்களைப் பற்றிய அனுமானத்தைச் சிறிதளவு மாற்றினாலே முடிவு இரு பக்கமும் சாயக்கூடியதாக இருந்தது.

கூட்டாளி நிறுவனம் அந்தச் சத்தப் பகுதியை முதன்மை முடிவாகப் போடச் சொன்னது. குழு மறுத்துவிட்டது, அது அடுத்த ஆய்வுக்கான துப்பு என்று மட்டும் கட்டுரையில் குறிப்பிட்டது. கட்டுரை பல மாதம் தள்ளிப்போனது. மாணவியின் ஆய்வேட்டில் ‘எது சிறந்தது’ என்றிருந்த அத்தியாயம் ‘யாருக்கு, எங்கே’ என்று திருத்தி எழுதப்பட்டது. அதில் அவர் ஆளுக்கு ஆள் பலன் எப்படிப் பரவியிருக்கிறது என்று வரைந்த படம், முதல் வரைவின் எல்லா அட்டவணைகளையும்விட ஆடியாலஜிஸ்டுகளுக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

அடுத்த ஆய்வில் மாற்றவிருப்பவை

ஆட்களைக் கூட்டி, ஆளுக்கான அதிர்வுகளைக் குறைக்கிறார்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதை, பலன் ஆளுக்கு ஆள் மாறுவதையும் சேர்த்து, கணினியில் போலித் தரவு உருவாக்கி முன்கூட்டியே பார்த்துவிட்டார்கள். மொத்த விளைவா, ஒரே சூழலில் விளைவா, எது முதன்மை என்பது முதல் ஆளைச் சேர்க்குமுன் எழுதி வைக்கப்படும். இடையில் யாராவது விலகினால் வரிசை மறுபடி சமன் செய்யப்படும். டிசம்பர் தவிர்க்கப்படும்.

கைபேசி கண்மூடித்தனமாக அதிராமல், சத்தமும் பேச்சும் சேர்ந்து வரும் நேரங்களை ஒலி எண்களிலிருந்து அறிந்து அதிகம் கேட்கும். அந்த நேரங்கள் வேண்டுமென்றே கூட்டப்பட்டவை என்பதால் அலசலில் அதற்கேற்ற எடை போட வேண்டும். மறந்தால் புதிய சாய்வு ஒன்று நுழைந்துவிடும். ‘இப்போது முடியாது’ என்ற ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் காரணத்துக்கு மூன்றே தெரிவுகள், அவ்வளவுதான். இடையிடையே, ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி இரண்டு அமைப்புகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று தெரியாமலே எது எளிது என்று சொல்லச் சொல்வார்கள். சூழல் மாறாததால் இந்த நேரடி ஒப்பீட்டுக்குக் கூர்மை அதிகம். மதுக்கடைக்குத் துணிந்து போனாரா என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு வாரக்கணக்கான ஒப்பீடு தொடர்ந்தே ஆக வேண்டும்.

தீராமல் இருப்பது ஒன்று. பாடகர் குழு அம்மையார் போன்றவர்கள், பயிற்சி முடிந்து மேலங்கியை எடுக்கும்போதாவது பதில் போடட்டும் என்று, அதிர்வுக்குப் பிறகு சற்று நேரம் கழித்தும் அந்த நேரத்தைப் பற்றிப் பதிலளிக்க அனுமதிக்கலாம் என்றாகியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதில்தான் இழுபறி. ஆடியாலஜிஸ்ட் இரண்டு மணி நேரம் கேட்கிறார். பயிற்சி அவ்வளவு நேரம் நடக்கிறது. நான் அரை மணி நேரத்தைத் தாண்டத் தயங்குகிறேன். அதன் பிறகு வருவது பழைய வினாத்தாளின் நினைவுப் பதிலை ஒத்ததாகிவிடும். இப்போதைக்கு இரண்டு மணி நேரம் அனுமதித்து, ஒவ்வொரு பதிலின் தாமதத்தையும் பதிந்து, தாமதம் கூடக்கூடப் பதில்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை ஆளுக்குள்ளேயே அலசுவதாகத் திட்டத்தில் எழுதியிருக்கிறோம்.